முடிவு வெளியான காலையில் எங்கள் பிழைப் பக்கம்

ஒரு கல்லூரியின் இணையதளத்தை நானும் நண்பர் ஒருவரும் பராமரிக்கிறோம். முன்னால் கிளவுட்ஃபிரண்ட் (பார்ப்பவர்களுக்கும் சர்வருக்கும் நடுவே நின்று பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் அமேசான் சேவை), பின்னால் ஒரே ஒரு சர்வர். தமிழில் அழகாகப் பிழைப் பக்கங்கள் வடிவமைத்து, முகவரியை வேண்டுமென்றே தப்பாகத் தட்டிப் பார்த்தோம். 'அப்படி ஒரு பக்கம் இல்லை' என்று சொல்லும் 404 பக்கம் வந்தது. வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

செமஸ்டர் முடிவு வெளியான அன்று காலை பத்து மணிக்குச் சர்வர் படுத்துவிட்டது. எங்கள் பக்கம் வரவில்லை. வெள்ளைத் திரையில் '504 எரர்' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. அதன் கீழே யாருக்கும் புரியாத சில வரிகள். கல்லூரித் தொலைபேசியை நான் எடுத்தபோது ஓர் அம்மா கேட்டார்: "தம்பி, பையன் நம்பரைப் போட்டால் எரர் என்று வருகிறது. ஃபெயிலா?" பக்கத்தில் பையன் அழுவது கேட்டது. "இல்லை அம்மா, எங்கள் கம்ப்யூட்டர்தான் நின்றுவிட்டது" என்று மூன்று முறை சொன்ன பிறகே நம்பினார்.

தப்பு எங்களுடையது. 504 போல 5-இல் தொடங்கும் எண்கள் சர்வர் தரப்புக் கோளாறைக் குறிப்பவை; அந்தப் பிழைகளுக்கான பக்கத்தையும் அதே சர்வரில் வைத்திருந்தோம். படுத்துக் கிடக்கும் சர்வரிடமே போய் "மன்னிப்புக் கடிதத்தைக் கொடு" என்று கிளவுட்ஃபிரண்ட் கேட்டால் எங்கிருந்து வரும்? முகவரியைத் தப்பாகத் தட்டிச் சோதித்தபோது சர்வர் உயிரோடு இருந்தது. அதனால் இது தெரியவே இல்லை.

அன்று இரவே பிழைப் பக்கங்களைத் தனி எஸ்3 பக்கெட்டுக்கு (அமேசானின் கோப்புக் கிடங்கு) மாற்றி, அவற்றை மட்டும் அங்கிருந்து எடுக்கும்படி கிளவுட்ஃபிரண்டில் அமைத்தோம். பதினொரு மணிக்குச் சர்வரை நாங்களே நிறுத்திப் பார்த்தால், பக்கம் எலும்புக்கூடாக வந்தது. பக்கத்துக்குத் தோற்றம் தரும் சிஎஸ்எஸ் கோப்பும் கல்லூரிச் சின்னமும் இன்னும் பழைய சர்வரில்தான் இருந்தன. இரண்டையும் பக்கத்துக்குள்ளேயே சேர்த்து எழுதினோம். சர்வரை எழுப்பிய பிறகும் ஐந்து நிமிடம் பிழைப் பக்கமே வந்தது. கிளவுட்ஃபிரண்ட் பிழையைக் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்திருக்கும் நேரத்தை நான் 300 விநாடி என்று போட்டிருந்தேன். இயல்பாக இருக்கும் 10 விநாடியே எங்களுக்குப் போதும்.

பிழைப் பக்கத்தோடு போகும் நிலைக் குறியீட்டை 200 (எல்லாம் சரி) என்று மாற்றிவிடலாமா என்று நண்பர் கேட்டார். கூடவே கூடாது என்றேன். அப்படிச் செய்தால் தேடுபொறி அந்த மன்னிப்பைத்தான் கல்லூரியின் பக்கம் என்று எடுத்துக்கொள்ளும். 503 (இப்போதைக்குச் சேவை இல்லை) என்று வைத்தோம்.

அதிக நேரம் பிடித்தது வாசகம்தான். தொழில்நுட்பச் சொல் ஒன்றுகூட வேண்டாம், எண்ணும் வேண்டாம் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். கடைசியில் இப்படி முடிந்தது: "இது உங்கள் தேர்வு முடிவு அல்ல. எங்கள் கணினி நின்றுவிட்டது. உங்கள் மதிப்பெண்கள் பத்திரமாக இருக்கின்றன. அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள்."

அடுத்த முடிவு நாளிலும் சர்வர் சிறிது நேரம் திணறியது. ஒரு தந்தை அழைத்தார். "அரை மணி நேரம் என்று போட்டிருக்கிறீர்களே, அதற்குள் வயலுக்குப் போய்விட்டு வந்துவிடலாமா?" என்று மட்டும் கேட்டார்.