சார்ஜ் பாதியில் நிற்கிறது, அவசர உதவி தேவை (பழைய இறக்குமதி எலெக்ட்ரிக் எஸ்யூவி)

வேகநடை:
வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சின்ன எலெக்ட்ரிக் எஸ்யூவி வாங்கினேன், பழையது, இறக்குமதி. ராத்திரி சார்ஜ் போட்டால் ஒழுங்காக ஏற ஆரம்பிக்கிறது, கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது. காலையில் பார்த்தால் நாலு சதவீதம்தான் கூடியிருக்கிறது. அடாப்டர் போட்டுத்தான் சார்ஜ் செய்கிறேன், அதில் குறை இல்லை, விளக்கு எரிகிறது. பேட்டரி போய்விட்டதா? நாளை மறுநாள் வெளியூர் போக வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கம்பிவடம்:
எந்த நாட்டுச் சந்தைக்குச் செய்த வண்டி? எந்த வருடம்? சுவரில் மாட்டிய சார்ஜரா, கூடவே வந்த கையடக்க சார்ஜரா? எத்தனை ஆம்பியர்? நிற்கும்போது சார்ஜர் பெட்டியில் என்ன நிறம் எரிகிறது? எத்தனை நிமிடத்தில் நிற்கிறது? இது எதுவுமே இல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

பன்னிரண்டுவோல்ட்:
சகோ, முதலில் சின்ன பேட்டரியைப் பாருங்கள். இறக்குமதி வண்டிகள் துறைமுகத்தில் மாதக்கணக்கில் நிற்கும். அந்த 12 வோல்ட் பேட்டரி வறண்டு போயிருக்கும். பெரிய பேட்டரியை இணைக்கும் கான்டாக்டர்கள் (மின் சுவிட்சுகள்) அந்த 12 வோல்ட்டில்தான் இயங்குகின்றன. அது பலவீனமானால் வண்டி விதவிதமாக வம்பு செய்யும். வண்டியை அணைத்து ஒரு மணி நேரம் விட்டுவிட்டு அளந்து பாருங்கள், 12.2க்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள்.

நேரமானி:
எனக்கு இதே மாதிரி ஆனது. வண்டிக் கடிகாரம் சீன நேரத்திலேயே இருந்தது, உலகப் பொது நேரத்துக்கு 8 மணி முன்னால். முந்தைய உரிமையாளர் போட்டு வைத்த சார்ஜ் டைமரும் அப்படியே இருந்தது. மெனு முழுக்கச் சீன எழுத்து என்பதால் மூன்று வாரம் கண்டுபிடிக்க முடியவில்லை. கைபேசிக் கேமராவால் மொழிபெயர்த்துப் பார்த்து டைமரை அணைத்தேன், சரியாகிவிட்டது.

மூத்த_மின்னோடி:
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது, யாரும் பழைய இழைகளைத் தேடுவதில்லை. இணைப்பான் எது என்று தெரியாமல் இறக்குமதி வண்டி வாங்கக் கூடாது. சீன உள்நாட்டு வண்டியில் இருப்பது ஜிபி/டி, அதாவது சீனத் தர இணைப்பான். பார்வைக்கு டைப் 2 (ஐரோப்பியத் தர இணைப்பான்) போலவே ஏழு முனைகள் இருக்கும், ஆனால் ஆண், பெண் முனைகள் தலைகீழ். அடாப்டர் போட்டுச் சார்ஜ் செய்கிறேன் என்று அவரே எழுதியிருக்கிறார், காரணம் அங்கேதான். மலிவான அடாப்டரில் தவறான மின்தடை வைத்திருப்பார்கள். அந்த மின்தடையை வைத்துத்தான் கேபிள் எவ்வளவு தாங்கும் என்று வண்டி தெரிந்துகொள்கிறது. ஜிபி/டியில் 680 ஓம் என்றால் 16 ஆம்பியர், 220 ஓம் என்றால் 32. டைப் 2வில் அதே 680 ஓமுக்கு 20 ஆம்பியர். நல்ல அடாப்டர் வாங்குங்கள், முடிந்தது.

வேகநடை:
சீன வண்டிதான். 2021. பேட்டரி 50 கிலோவாட் மணி என்று தாளில் இருக்கிறது. வண்டியோடு வந்த சார்ஜர். சிவப்பு விளக்கு என்று நினைக்கிறேன். மாடல் பெயர் வேண்டாம், விற்றவரோடு இன்னும் கணக்குத் தீரவில்லை. புது அடாப்டர் எங்கே கிடைக்கும்?

வெள்ளிக்கிண்ணம்:
அடாப்டர் வாங்குவதற்கு முன், பேட்டரி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகையா என்று பாருங்கள். அந்த வகையில் வோல்டேஜ் பெரும்பாலான தூரம் ஏறாமல் இறங்காமல் சமமாகவே போகும், அதனால் எவ்வளவு மீதி என்று வண்டிக்கே சரியாகத் தெரியாது. ஒருமுறை 100 வரை ஏற்றி, நிறைந்த பிறகும் சிறிது நேரம் செருகியபடியே விட்டால் கணக்கு நேராகும்.

கம்பிவடம்:
அவருக்கு நாலு சதவீதம் ஏறியதுமே நின்றுவிடுகிறது. 100 வரை ஏற்றுங்கள் என்றால் எப்படி ஏற்றுவார்?

ஓரப்பாதை:
தினமும் 100 வரை ஏற்றுவது பேட்டரியைக் கெடுக்கும். 80க்கு மேல் நான் போவதே இல்லை.

வெள்ளிக்கிண்ணம்:
நான் தினமும் ஏற்றச் சொல்லவில்லை. 80 விதி என்எம்சி (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த லித்தியம்) பேட்டரிக்கு. எல்எஃப்பியை அவ்வப்போது 100க்குக் கொண்டுபோகச் சொல்லித் தயாரிப்பாளர்களே கையேட்டில் எழுதுகிறார்கள்.

ஓரப்பாதை:
எல்எஃப்பியும் லித்தியம்தானே? நிறைந்த நிலையில் வெயிலில் நாள்கணக்கில் நின்றால் அதுவும் தேயும்.

வெள்ளிக்கிண்ணம்:
தேயும், மறுக்கவில்லை. ஆனால் கணக்குத் தப்பிப் போய், 15 சதவீதம் காட்டும்போதே வண்டி நடுவழியில் நின்றால் அதைவிட மோசம். இரண்டையும் எடைபோட்டுத்தான் சொல்கிறேன்.

மூத்த_மின்னோடி:
இதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய்ப் பேசுங்கள். காரணத்தை நான் ஏற்கெனவே சொல்லியாயிற்று.

தாழைமடல்:
ஒரு நிமிடம். வண்டியோடு சீனாவிலிருந்தே வந்த சார்ஜர் என்றால் அதன் துப்பாக்கி (வண்டியில் செருகும் முனை) ஜிபி/டியாகத்தான் இருக்கும், வண்டியில் நேராகப் பொருந்தும். அங்கே அடாப்டரே தேவையில்லையே. வேகநடை, நீங்கள் சொல்லும் அடாப்டர் எந்த முனையில் இருக்கிறது? வண்டிப் பக்கமா, சுவர்ப் பக்கமா?

வேகநடை:
சுவர்ப் பக்கம். சார்ஜரின் பிளக் நம் சாக்கெட்டில் நுழையாது, மூன்றும் தட்டை முனை. அதனால் எல்லா நாட்டு பிளக்கும் பொருந்துகிற வெள்ளை அடாப்டர் ஒன்று போட்டிருக்கிறேன், பயணத்துக்கு வாங்கியது. லேப்டாப்புக்கு நன்றாகத்தான் வேலை செய்தது.

கம்பிவடம்:
இதைத்தான் முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். உடனே கழற்றுங்கள். இன்று ராத்திரி அதில் போடவே போடாதீர்கள்.

தாழைமடல்:
ஏன் என்று சொல்லிவிடுகிறேன். லேப்டாப் அரை ஆம்பியர்கூட இழுக்காது. இந்த சார்ஜர் 16 ஆம்பியர் இழுக்கும், அதுவும் மணிக்கணக்கில் ஓயாமல். அடாப்டருக்குள் இருக்கும் தகடு பிளக் முனையை இறுக்கிப் பிடிக்காவிட்டால் அந்த இடத்தில் மின்தடை கூடும். வெறும் 0.1 ஓம் என்று வையுங்கள்: 16ஐ 16ஆல் பெருக்கி 0.1ஆல் பெருக்கினால் 25 வாட்டுக்கு மேல் வருகிறது. ஒரு சாலிடரிங் அயர்னின் சூடு அது, பிளாஸ்டிக்குக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. ஆம்பியரை 8 ஆகக் குறைத்தால் சூடு பாதியாகாது, கால்வாசியாகும். இந்த வகை சார்ஜர்கள் பலவற்றில் பிளக்குக்குள்ளேயே வெப்ப உணரி உண்டு. சூடு ஏறியதும் அது நிறுத்துகிறது, சிவப்பு எரிகிறது. 16 ஆம்பியரில் நாலு சதவீதம் ஏற அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அவ்வளவு நேரத்தில்தான் நிற்கிறதா? எந்த நேரம் போட்டாலும் அப்படியா?

வேகநடை:
ஆமாம், பகலில் போட்டாலும் அரை மணி நேரம்தான். இப்போது கழற்றிப் பார்த்தேன். ஒரு துளையைச் சுற்றிப் பழுப்பாகி விளிம்பு உருகி உள்ளே மடங்கியிருக்கிறது. மீன் செதில் கருகியது போல ஒரு வாடை. அடியில் 10 ஆம்பியர் என்று சின்னதாக எழுதியிருக்கிறது, இதுவரை கவனித்ததே இல்லை. சார்ஜர் பிளக்கில் அந்த முனை மட்டும் கறுத்திருக்கிறது.

பன்னிரண்டுவோல்ட்:
அப்போ என் ஊகம் தப்பு. ஆனாலும் 12 வோல்ட்டை ஒருமுறை அளந்துவிடுங்கள்.

ஓரப்பாதை:
பிளக்கை வெட்டிவிட்டு நம் ஊர் 16 ஆம்பியர் பிளக்கை மாட்டுங்கள், வேலை முடிந்தது.

தாழைமடல்:
வெட்ட வேண்டாம். உணரிக்குப் போகும் மெல்லிய கம்பி அந்த பிளக்கில்தான் இருக்கும். வெட்டினால் ஒன்று சார்ஜர் பிழை காட்டி நிற்கும், அல்லது சூட்டைக் கண்காணிக்க ஆளில்லாமல் ஓடும். இரண்டாவதுதான் பயம். மின்பலகையிலிருந்து தனி வயர் இழுத்து, தனி பிரேக்கரும் கசிவு மின்காப்பும் (மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் கருவி) போட்டு ஒரு சுவர் சார்ஜர் பொருத்துவதுதான் முறை. அப்போது வண்டிப் பக்கம் டைப் 2விலிருந்து ஜிபி/டிக்கு ஓர் அடாப்டர் வேண்டும், மூத்த மின்னோடி சொன்ன மின்தடைக் கணக்கு அதற்குத்தான் பொருந்தும். எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மூத்த_மின்னோடி:
சுவர்ப் பக்கம் அடாப்டர் என்று எழுதியிருந்தால் நானும் இதையே சொல்லியிருப்பேன். பயணத்துக்கு ஒரு குறிப்பு: ஏசி (வீட்டு மின்சாரம்) அடாப்டர் வெறும் கம்பி இணைப்புதான், டிசி (வேக சார்ஜ்) அப்படியில்லை. சிசிஎஸ் 2 (டைப் 2வோடு டிசி முனைகள் சேர்ந்த இணைப்பான்) சார்ஜர் பேசும் முறை வேறு, ஜிபி/டி வண்டி பேசும் முறை வேறு, நடுவில் மொழிபெயர்க்கும் மின்னணுப் பலகை உள்ள அடாப்டர்தான் வேலை செய்யும். அது கையில் இல்லாமல் வழியில் வேகமாக ஏற்றிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடாதீர்கள்.

வேகநடை:
(ஆறு நாள் கழித்து)
பேருந்தில் போய்விட்டு வந்தேன். தனி வயர் இழுத்து சுவர் சார்ஜர் போட்டாயிற்று, ஏசி அடாப்டரும் வாங்கினேன். 10 ஆம்பியரில் வைத்தேன். நேற்று ராத்திரி 11 மணி நேரம் நிற்காமல் ஓடியது, 38லிருந்து 84 வரை ஏறியது. பிரேக்கர், அடாப்டர் எல்லாம் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. தாழைமடலுக்கு மிக்க நன்றி.

தாழைமடல்:
மகிழ்ச்சி. எர்த் அளந்தார்களா? எவ்வளவு காட்டியது?

கம்பிவடம்:
அந்தக் கறுத்த பிளக் உள்ள பழைய சார்ஜரை என்ன செய்தீர்கள்? வண்டியிலேயே வைத்திருக்கிறீர்களா?