லியோன்டின் பிரைஸ் 1958-இல் 'ஐடா'வை மறுத்தது ஏன்?

கேள்வி: மேற்கிசை வாசகர்

வணக்கம். அமெரிக்க ஓபரா பாடகி லியோன்டின் பிரைஸ் 1985 ஜனவரி 3 அன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் விடைபெற்ற 'ஐடா' ஓபரா நிகழ்ச்சியின் பதிவை அண்மையில் பார்த்தேன். மூன்றாம் அங்கத்தில், இனிக் காணவே முடியாத தாய்நாட்டை நினைத்து ஐடா பாடும் தனிப்பாடல் முடிந்ததும் கைதட்டல் நிமிடக்கணக்கில் நீள்கிறது. அவரோ உடனே வணங்கி நன்றி சொல்லிவிடாமல் பாத்திரத்துக்குள்ளேயே நிற்கிறார். இவ்வளவு தூரம் தமக்கே உரியதாக்கிக்கொண்ட பாத்திரத்தை, அதே அரங்கம் 1958-இல் தமக்கு அளிக்க முன்வந்தபோது அவர் ஏற்க மறுத்தார் என்று படித்தேன். வளர்ந்துவரும் பாடகி ஒருவர் அப்படி ஓர் அழைப்பை மறுக்க என்ன காரணம் இருந்திருக்கும்? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: பழைய இசைத்தட்டு

அவர் மறுத்தது பாத்திரத்தை அன்று. அந்த அரங்கில் அதைக் கொண்டு அறிமுகமாவதைத்தான் மறுத்தார். 1957-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐடாவாகப் பாடவேண்டிய இத்தாலியப் பாடகி அந்தோனியெத்தா ஸ்டெல்லா குடல்வால் அழற்சியால் படுத்துவிட, அவருக்குப் பதிலாக மேடையேறியவரே பிரைஸ்தான். மறு ஆண்டு வியன்னாவில் கராயானின் இசை நடத்துகையிலும், பிறகு லண்டன் கோவென்ட் கார்டனிலும் அதே பாத்திரத்தைப் பாடினார்.

நியூயார்க்கின் கதை வேறு. ஐடா எகிப்தில் அடிமையாக வாழும் எத்தியோப்பிய இளவரசி. கறுப்பினப் பாடகி ஒருவர் அமெரிக்காவின் முதன்மையான ஓபரா மேடைக்கு முதன்முதலில் அடிமை வேடத்தில் வந்தால், அதன்பின் அந்த வேடத்துக்கென்றே ஒதுக்கப்பட்டுவிடுவார் என்று அவருக்கு நெருக்கமானவர்கள் அஞ்சினார்கள். அறிமுகம் ஒரு சீமாட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் பீட்டர் ஹெர்மன் ஆட்லர். என்பிசி தொலைக்காட்சியின் ஓபரா பிரிவில் 1955-இல் பிரைஸை 'டோஸ்கா'வாகப் பாடவைத்தவரும், அந்த ஒளிபரப்பைத் தென் மாநிலங்களின் நிலையங்கள் சில ஏற்க மறுத்ததைக் கண்டவரும் அவரே என்பதால், அவருடைய அறிவுரை வெறும் ஊகத்தில் பிறந்ததன்று.

மூன்றாண்டு காத்திருப்பு வீண்போகவில்லை. 1961 ஜனவரி 27 அன்று 'இல் த்ரொவதோரே'யில் லியோனோரா என்னும் ஸ்பானிய உயர்குலப் பெண்ணாக அவர் அறிமுகமானார். அதே இரவில் அங்கே அறிமுகமான ஃபிராங்கோ கொரெல்லி நாயகன். நிகழ்ச்சி முடிந்தபின் கைதட்டல் 42 நிமிடங்கள் நீடித்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சீமாட்டியாக நுழைந்துவிட்ட பிறகு, அதே நிகழ்ச்சிப் பருவத்தில் ஐடாவையும் தயக்கமின்றிப் பாடினார்.

மறுமொழி 2: மூன்றாவது மாடம்

மேலே உள்ள விளக்கம் சரியானதே. ஆனால் இணையத்தில் பலர் எழுதுவதுபோல், அந்த அரங்கில் பாடிய முதல் கறுப்பினக் கலைஞர் பிரைஸ் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1955 ஜனவரியில் மரியன் ஆண்டர்சன் என்னும் பாடகி கறுப்பினத்தாருக்கு அங்கிருந்த தடையை உடைத்தபோது அவருக்கு வயது 57. குரலின் பொற்காலம் கடந்துவிட்டிருந்தது. அடுத்த ஆண்டு மட்டிவில்டா டாப்ஸ் 'ரிகொலெத்தோ'வில் கில்டாவாகப் பாடினார். பிரைஸ் மறுத்த அதே 1958-இல் கறுப்பினப் பாடகியான குளோரியா டேவி அங்கே ஐடாவாகப் பாடினார். இவர்களுக்குப் பின்னர் வந்த பிரைஸ்தான் ஆண்டுதோறும் முதன்மைப் பாத்திரங்களை ஏற்று, அந்த அரங்கின் நிலையான நட்சத்திரமாக உயர்ந்தார்.

1927-இல் மிசிசிப்பி மாநிலத்தின் லாரல் என்னும் ஊரில், மரம் அறுக்கும் ஆலைத் தொழிலாளி ஒருவருக்கும் மருத்துவச்சி ஒருவருக்கும் மகளாகப் பிறந்தவர் பிரைஸ். சிறுமியாக இருந்தபோது தாய் அவரை ஜாக்சன் நகருக்கு அழைத்துச் சென்று மரியன் ஆண்டர்சனின் கச்சேரியைக் கேட்கவைத்தார். ஓஹியோவில் இசையாசிரியர் பணிக்குப் படித்து முடித்தவர், நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் புளோரன்ஸ் பேஜ் கிம்பலிடம் பயின்றார். 1952-இல் தொடங்கிய 'போர்கி அண்ட் பெஸ்' ஓபராவின் சுற்றுப்பயணம் அவரை வியன்னா, பெர்லின், லண்டன், பாரிஸ் வரை கொண்டுசென்றது. நாயகனாக உடன் பாடிய வில்லியம் வார்ஃபீல்டை அந்தக் காலத்தில்தான் மணந்தார். இருவரும் பின்னாளில் பிரிந்தனர்.

மேற்கிசை வாசகர்

இருவருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி. இவ்வளவு கவனமாக அடியெடுத்து வைத்தவரின் வாழ்வில் சறுக்கல்களே இல்லையா? கேட்கத் தொடங்குபவருக்கு எந்தப் பதிவைப் பரிந்துரைப்பீர்கள்?

மறுமொழி 3: பழைய இசைத்தட்டு

இரண்டு சறுக்கல்கள் உண்டு. அவற்றுள் இரண்டாவதற்கு அவர் பொறுப்பல்லர்.

அறிமுகமான ஆண்டின் அக்டோபரிலேயே, இசைக்குழுவின் தொழில் தகராறால் பருவமே நின்றுபோகும் நிலை வந்து, தொழிலாளர் துறைச் செயலர் ஆர்தர் கோல்ட்பர்க் நடுவராகத் தலையிட்டுத் தீர்த்துவைத்த பின், புச்சினியின் 'லா ஃபான்ச்சுல்லா டெல் வெஸ்ட்' ஓபராவுடன் பருவத்தைத் தொடங்கிவைக்கும் பொறுப்பு பிரைஸுக்குக் கிடைத்தது. முதல் இரவு நன்றாகவே முடிந்தது. இரண்டாவது நிகழ்ச்சியின் நடுவே குரல் விட்டுப்போனது; வரிகளைப் பாட முடியாமல் பேச்சாகச் சொல்லி அந்த அங்கத்தை ஒப்பேற்றினார். கடைசி அங்கத்தைப் பாட டாரத்தி கிர்ஸ்டனை அவசரமாக வரவழைத்தார்கள். அந்தப் பாத்திரம் அவருடைய குரலுக்கு ஏற்றதன்று என்பதே என் கருத்து; முதல் பருவத்திலேயே ஐந்து பாத்திரங்களைப் பாடிய களைப்பும் சேர்ந்திருக்கும். சில காலம் ஓய்வெடுத்துத் திரும்பியவர், அதன்பின் எதை ஏற்பது, எதை விடுவது என்பதில் மேலும் கண்டிப்பானார்.

மற்றது 1966 செப்டம்பர் 16. லிங்கன் மையத்தில் மெட்ரோபாலிட்டன் ஓபராவின் புதிய கட்டடத்தைத் திறந்துவைக்க சாமுவேல் பார்பர் 'அந்தோனி அண்ட் கிளியோபாட்ரா' ஓபராவை பிரைஸின் குரலை மனத்தில் வைத்தே இயற்றினார். இயக்குநர் செஃபிரெல்லி மேடையில் குவித்த கனத்த அமைப்புகளைத் தாங்காமல் புதிய சுழல்மேடை பழுதாயிற்று. இறுதி ஒத்திகையில் பிரைஸ் ஒரு பிரமிடுக்குள் சிக்கிக்கொண்டார். விமர்சகர்கள் படைப்பைக் கிழித்துத் தொங்கவிட்டாலும், அவருடைய பாட்டில் குறை காணவில்லை. பார்பர் அதிலிருந்து கோத்த இரு காட்சிகளை பிரைஸ் பிற்காலக் கச்சேரிகளிலும் விடாமல் பாடிவந்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

பதிவுகளைப் பொறுத்தவரை, 1960-களின் தொடக்கத்தில் சோல்டி நடத்திய 'ஐடா'வையும் கராயான் நடத்திய 'டோஸ்கா'வையும் முதலில் கேளுங்கள். மேல் ஸ்தாயியில் தெறிக்கும் ஒளியையும், கீழ் ஸ்தாயியில் புகை படிந்தாற்போன்ற கருமையையும் அடுத்தடுத்த வரிகளிலேயே கேட்கலாம். அந்தக் கீழ்ப்பகுதி வயதாக ஆகக் கரகரப்பானது என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகத் தோன்றியதில்லை. அடுத்ததாக, பார்பரே பியானோ வாசிக்கும் 'ஹெர்மிட் சாங்ஸ்' தொகுப்பு. 1953-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் அதை முதன்முதலில் பாடியவர்களும் இந்த இருவர்தாம். ஓபராவின் ஆரவாரம் இல்லாத சிறு பாடல்கள் என்பதால், சொற்களை அவர் எவ்வளவு நிதானமாகக் கையாண்டார் என்பது அதில் தெளிவாகக் கேட்கும்.