ரெய்டு அட்டை தெரிகிறது, டிஸ்க்குகள் தெரியவில்லை: லினக்ஸ் அறிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் அச்சக சர்வரில் ஞாயிறன்று ராக்கி லினக்ஸ் 9 ஏற்றினேன். பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து இயக்கும் ரெய்டு அட்டை பழையது. அதில் 4 ஹார்ட் டிஸ்க், ரெய்டு 5. லினக்ஸ் தனி எஸ்எஸ்டியில் இருப்பதால் ஒழுங்காக எழுந்துகொள்கிறது. இணைந்துள்ள அட்டைகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிசிஐ' கட்டளை அட்டையைக் காட்டுகிறது, டிஸ்க்குகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிஎல்கே' அந்த டிஸ்க்குகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை.

இந்தக் கர்னலுக்கான (லினக்ஸின் மையப் பகுதி) டிரைவர் ஆர்பிஎம்மைத் (நிறுவல் தொகுப்பு) தேடி நிறுவினேன். பிழையே வரவில்லை. வேலை முடிந்தது என்று காபி குடிக்கப் போய்விட்டேன்! திரும்பி வந்து டிரைவரை ஏற்றும் 'மோட்புரோப்' கட்டளை கொடுத்தால் 'ரிக்வயர்டு கீ நாட் அவைலபிள்' (தேவையான சாவி இல்லை) என்கிறது. நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் கையொப்பம் கேட்கிறது என்பது புரிகிறது. அதை அணைக்கலாம் என்றால், கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குக் கடவுச்சொல் வைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், போனையும் எடுப்பதில்லை.

டிரைவருடன் வந்த பொதுச் சாவியை (கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி) 'மோக்யூட்டில்' கட்டளை மூலம் பதிவு செய்து, மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் ஒப்புதல் கொடுத்தால் போதுமா? எஸ்எஸ்டியிலிருந்துதானே பூட் ஆகிறது, பிறகு பூட் நேரத்தில் டிரைவர்களை ஏற்றும் கோப்பை மறுபடி உருவாக்கும் 'டிராகட்' ஓட்டுவது அவசியமா? கர்னல் புதுப்பிப்பு வந்தால் மறுபடியும் இதே கூத்தா?

அடுத்த ஆண்டு நாள்காட்டி வடிவமைப்புகள் அத்தனையும் அந்த டிஸ்க்குகளில்தான் இருக்கின்றன. அதனால் ரெய்டை அழித்துப் புதிதாக உருவாக்கச் சொல்லும் யோசனை மட்டும் வேண்டாம்.