25 டயரா, 32 டயரா? மறுபடி மிதிக்க வருபவருக்கு எந்த ரோடு பைக்?

சத்துவாச்சாரி சக்கரம் (காலை 5.50)

போன வாரம் கணியம்பாடி நண்பர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். வயது 46, எடை 94 கிலோ. கல்லூரி நாட்களில் நன்றாக மிதித்தவர், இருபது வருடமாகத் தொடவே இல்லை. இப்போது சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, மருத்துவர் உடம்பை அசைக்கச் சொல்லிவிட்டார். 50,000 ரூபாய்க்குள் ஒரு ரோடு பைக் வாங்கலாமா என்பதுதான் கேள்வி. அதற்குக் காந்திநகர் கியர் என்ற பெயரில் இங்கே எழுதுபவர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். (25, 32 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில்.)

//25 டயர் போட்டால்தான் ரோடு பைக். 32 போட்டால் அது பால்காரர் வண்டி.//

இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. 94 கிலோ மனுஷன், பதினொரு கிலோ வண்டி, மொத்தம் 105 கிலோ. இந்த எடையை 25 மில்லிமீட்டர் ரப்பர் மேல் ஏற்றி, பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய நம் ஊர்த் தெருக்களில் ஓட்டச் சொல்கிறார். மூன்றாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வண்டியை மாடிப்படிக்கு அடியில் நிறுத்திவிடுவார் அந்த மனிதர். அப்புறம் எங்கே உடற்பயிற்சி? 32 போடுங்கள் நண்பரே. குறைந்தது 28. 25 வேண்டவே வேண்டாம்.

காந்திநகர் கியர் (காலை 6.31)

எழுதியது நான்தான், மாற்றிக்கொள்ளப் போவதில்லை. 25 டயரில் 200 கிலோமீட்டர் பிரெவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சவாரி, முடித்தவன் நான். கொடுத்த நேரம் பதின்மூன்றரை மணி, நான் வந்து சேர்ந்தது பத்தே முக்கால் மணியில். சக்கரம் அண்ணன் எத்தனை பிரெவே முடித்தார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி சக்கரம் (காலை 6.40)

கேட்டவர் பிரெவே போகப் போகிறாரா? காலையில் கணியம்பாடியிலிருந்து அமிர்தி பக்கம் கொஞ்ச தூரம் போய்விட்டு ஏழரைக்குள் வீடு திரும்பி, குளித்து வேலைக்குப் போகப் போகிறவர். உங்கள் பதக்கத்தை அவர் கழுத்தில் ஏன் மாட்டுகிறீர்கள்?

கணக்கையே சொல்கிறேன். டயருக்குள் இருக்கும் காற்று அகலத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 32-ஐ 25-ஆல் வகுத்து இருமடி எடுங்கள், 1.64 வரும். அதாவது ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேலே காற்று. அதனால் குறைந்த அழுத்தத்திலேயே அதே எடையைத் தாங்கும். 94 கிலோவுக்கு 25 டயரில் காற்றழுத்தம் 100 பிஎஸ்ஐக்கு மேல் அடிக்க வேண்டும், கல் மாதிரி இருக்கும். 32-ல் 65, 70 போதும். சாலை அதிர்வை டயர் வாங்கிக்கொள்ளும், முதுகு வாங்காது.

இன்னொன்று. ஒல்லி டயர்தான் வேகம் என்பது பழைய நம்பிக்கை. பந்தயக்காரர்களே 23-லிருந்து 25-க்கு வந்து, இப்போது டூர் டி பிரான்ஸில் 28-ம் அதற்கு மேலும் போட்டு ஓட்டுகிறார்கள். கரடுமுரடான தார் ரோட்டில் கல்லாக அடித்த டயர் ஒவ்வொரு மேட்டிலும் வண்டியைத் தூக்கிப் போடும். அப்படித் தூக்கிப் போடும்போதெல்லாம் நம் மிதி வீணாகிறது.

பழைய ஹெர்குலஸ் (காலை 7.15)

25, 28, 32 என்று என்ன பேசுகிறீர்கள் என்றே புரியவில்லை. என் ஹெர்குலஸ் 28 டயர். நாற்பது வருடம் முன்னால் ஆற்காட்டிலிருந்து வேலூருக்குத் தினமும் மிதித்து வேலைக்கு வந்தேன், எழுதினால் நம்ப மாட்டீர்கள். 28-தான் சரி. 32 டயர் என்று ஒன்று எந்தக் கடையில் கிடைக்கிறது?

காந்திநகர் கியர் (காலை 7.22)

ஐயா, உங்கள் 28 இஞ்சு. நாங்கள் பேசுவது மில்லிமீட்டர். சக்கரத்தின் உயரம் வேறு, டயரின் அகலம் வேறு.

பழைய ஹெர்குலஸ் (காலை 7.30)

எனக்கு இஞ்சு தெரியாது என்கிறீர்களா தம்பி? டயர் பக்கவாட்டில் 28 × 1½ என்று அச்சடித்திருக்கும். ஒன்றரை இஞ்சு அகலம். நீங்கள் பிறப்பதற்கு முன்னாலேயே படித்தவன்.

சத்துவாச்சாரி சக்கரம் (காலை 7.34)

ஐயா சொன்னதைக் கவனியுங்கள். ஒன்றரை இஞ்சு என்றால் 38 மில்லிமீட்டர்! வடஆற்காடு முழுக்க ஒரு தலைமுறையே வேலைக்குப் போனது 38 டயரில். நெசவாளர் பாவு கட்டிக்கொண்டு போனதும், தோல் மண்டித் தொழிலாளி ஷிப்டுக்குப் போனதும் அதில்தான். பால்காரர் வண்டி என்று கேவலமாக எழுதினாரே, அந்தப் பால்காரர் நாற்பது லிட்டர் கேனோடு பஞ்சராகாமல் வந்தது எதனால்? 32-ஐப் பழிப்பது அந்த மனிதர்களைப் பழிப்பது.

பழைய ஹெர்குலஸ் (காலை 7.36)

நான் 32-க்கு ஆதரவாகச் சொல்லவில்லை. 28 என்றுதான் சொன்னேன்.

பாகாயம் டீச்சர் (காலை 8.05)

எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள். 39 வயதில், இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு மறுபடி மிதிக்க ஆரம்பித்தவள் நான். என்னை முதல் மாதமே நிறுத்த வைத்தது டயர் இல்லை, பிரேம் அளவு. ஒரு கடையில் என் உயரத்துக்குப் பெரிய அளவைத் தலையில் கட்டிவிட்டார்கள். ஹேண்டில்பார் எட்டாமல் எட்டி எட்டிப் பிடித்து, உள்ளங்கை மரத்துப் போய், கழுத்து பிடித்துக்கொண்டது. சீட்டும் தாழ்வாக இருந்ததால் முட்டியின் முன்பக்கம் வலி.

குதிகாலைப் பெடல் மேல் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள்கிற உயரம்தான் சீட்டுக்கு ஆரம்ப அளவு. அப்புறம் முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கும், அதுதான் வேண்டும். பந்தயத்துக்கு என்று செய்த பிரேமில் ஹேண்டில் தாழ்ந்திருக்கும், முதுகு வளையும். நெடுந்தூரப் பிரேமில் அது கொஞ்சம் உயரம். தொப்பையோடு திரும்பி வருகிறவருக்கு இரண்டாவதுதான். வாங்கும் முன்னால் ஏறி உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால் மருத்துவரிடம் இதயத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், சர்க்கரை இருக்கிறது என்கிறாரே.

காந்திநகர் கியர் (காலை 8.20)

மேடம் சொல்வது சரி, ஆனால் கேள்வி டயரைப் பற்றி. 32 அகலமாக இருப்பதால் முள்ளையும் அதிகம் பொறுக்கி எடுக்கும். பாலாற்றங்கரை ரோடு முழுக்கச் சீமைக்கருவேல முள். 25 போகிற கோடு மெல்லியது, முள்ளுக்குச் சிக்குவதும் குறைவு. சக்கரம் அண்ணனுக்கு அந்த அனுபவம் நன்றாகவே உண்டு. பள்ளிகொண்டா ஞாபகம் இருக்கிறதா?

சத்துவாச்சாரி சக்கரம் (காலை 8.27)

பள்ளிகொண்டாவை நீங்களே எடுத்தது நல்லதாகப் போயிற்று. மூன்று வருடமாக நெஞ்சில் வைத்திருந்தேன், இன்று எழுதியே தீர்வேன்.

அன்று நாம் ஆறு பேர் கிளம்பினோம். ஆம்பூர் போய் பிரியாணி சாப்பிட்டுத் திரும்புவது திட்டம். எனக்குப் பின்சக்கரம் பஞ்சர். மாற்று ட்யூப் வைத்திருந்தேன், பம்பு உங்கள் பையில் இருந்தது. "பின்னாலேயே வாருங்கள்" என்று சொல்லிவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள். மே மாதம், காலை ஒன்பதரை மணி, வேலூர் வெயில் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நான்கு கிலோமீட்டர் நெடுஞ்சாலை ஓரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். லாரி பஞ்சர் கடைக்காரர் ஒருவர்தான் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். நீங்கள் ஆம்பூரிலிருந்து பிரியாணிப் படம் அனுப்பினீர்கள்.

இன்னொரு உண்மையும் கேளுங்கள். அன்று நான் ஓட்டியது எந்த டயர்? 25! நீங்கள் சொல்லித்தான் வாங்கினேன். குத்தியது முள்ளும் இல்லை. பாலத்து இணைப்பில் ஏறி இறங்கியபோது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை. காற்று போதாத ஒல்லி டயருக்கு வருகிற வியாதி அது. அதற்குப் பிறகுதான் 32-க்கு வந்தேன். அன்றிலிருந்து ரிம்மில் ட்யூப் நசுங்கி ஒரு பஞ்சர்கூட இல்லை.

காந்திநகர் கியர் (காலை 8.41)

//காற்று போதாத//

நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். கிளம்பும் முன்னால் காற்றுப் பார்க்காதது உங்கள் தவறு, 25-ன் தவறு இல்லை. பம்பு விஷயத்தில், நீங்கள் கேட்டது எனக்குக் காதில் விழவில்லை. இதைப் பலமுறை சொல்லியாகிவிட்டது.

சத்துவாச்சாரி சக்கரம் (காலை 8.43)

ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

கணியம்பாடி புதியவன் (காலை 9.10)

வணக்கம். கேள்வி கேட்டது நான்தான். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. டீச்சர் மேடம், என் உயரம் 168 சென்டிமீட்டர், எந்தப் பிரேம் அளவு பார்க்கலாம்? இன்னொரு சந்தேகம், கியர் எத்தனை இருக்க வேண்டும்? ஆறு மாதத்தில் ஏலகிரி ஏறிவிட வேண்டும் என்று ஒரு ஆசை இருக்கிறது.

காந்திநகர் கியர் (காலை 9.18)

நம் வேலூர் ஏலகிரிக்கு 25 டயர், பல்சக்கரம் முன்னால் 50/34 பல், பின்னால் 11-28 பல். நான் அதில்தான் ஏறினேன். வண்டி இரண்டு கிலோ குறைந்தால் மலையில் தெரியும், அதனால் இரும்புச் சாமான் எதுவும் வேண்டாம்.

ஜோலார்பேட்டை ஜங்ஷன் (காலை 9.25)

ஏலகிரி வேலூர் இல்லை. 2019-ல் மாவட்டத்தைப் பிரித்தாயிற்று, ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டம். எத்தனை தடவை சொன்னாலும் வேலூர்க்காரர்கள் எங்கள் மலையை விட மாட்டேன் என்கிறீர்கள்.

காந்திநகர் கியர் (காலை 9.29)

பேச்சுவழக்கில் சொன்னேன். நாங்கள் ஏறும்போது அது வேலூர் மாவட்டம்தான்.

பழைய ஹெர்குலஸ் (காலை 9.33)

நான் ஏறும்போது வடஆற்காடு. 89-ல்தான் திருவண்ணாமலையைப் பிரித்தார்கள்.

ஜோலார்பேட்டை ஜங்ஷன் (காலை 9.37)

பிரித்த பிறகும் பழைய பெயரைச் சொன்னால் அது பேச்சுவழக்கு இல்லை, அலட்சியம். ஆம்பூர் பிரியாணியையும் வேலூர்க் கணக்கில்தான் எழுதுவீர்கள்.

சத்துவாச்சாரி சக்கரம் (காலை 9.52)

மலை யாருடையது என்பது அப்புறம். காந்திநகர் கியர் சொன்ன 11-28-ஐ நம்பி இந்தப் புதியவர் மலையேறினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால், ஒரு சுற்று மிதிக்கு வண்டி ஏறக்குறைய 2.55 மீட்டர் போகும். பின்னால் 34 பல் இருந்தால் 2.1 மீட்டர். மலையில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் நிமிடத்துக்கு 52 சுற்று, ஒவ்வொன்றும் பாறையைத் தள்ளுகிற மாதிரி. இரண்டாவதில் 63 சுற்று, முட்டி பிழைக்கும். பதினான்கு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, வள்ளல்கள் பெயரும் புலவர்கள் பெயரும் வைத்த வளைவுகள். நாலாவது வளைவிலேயே இறங்கித் தள்ளினால் அவருக்கு மறுபடி வண்டியைத் தொடவே மனசு வராது. வாங்கும்போதே 11-32 அல்லது 11-34 கேளுங்கள். இந்த விலையில் பெரும்பாலும் ஷிமானோ கிளாரிஸ் கியர் செட், பின்னால் 8 கியர்தான் வரும். அது போதும். எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், பெரிய பல்சக்கரத்தைப் பாருங்கள்.

இரண்டு கிலோ கதைக்கு வருகிறேன். 105-ல் இரண்டு கிலோ என்பது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. மிதிக்கிறவர் மூன்று மாதத்தில் உடம்பிலிருந்து ஐந்து கிலோ இறக்கினால் அது காசு கொடுக்காமல் கிடைக்கிற கார்பன் பிரேம்.

மலையிலிருந்து இறங்கும்போதும் ரோட்டை நன்றாகப் பிடிப்பது 32-தான்.

காந்திநகர் கியர் (காலை 10.04)

எல்லாவற்றையும் சுற்றிவந்து 32-ல் முடிக்கிறீர்கள். ரோடு பைக் என்று கேட்டவருக்கு நேர் ஹேண்டில் வைத்த ஹைபிரிட் விற்கிறீர்கள்.

சத்துவாச்சாரி சக்கரம் (காலை 10.06)

ஹைபிரிட் என்று நான் எங்கே எழுதினேன்? வளைந்த ஹேண்டில் இருக்கிறது, ரோடு பிரேம் இருக்கிறது, டயர் மட்டும் 32.

காந்திநகர் கியர் (காலை 10.07)

32 போட்டால் அது ரோடு பைக் இல்லை.

பாகாயம் டீச்சர் (காலை 10.20)

கணியம்பாடி சார், 168 என்றால் பெரும்பாலான கம்பெனிகளில் 52 சென்டிமீட்டர் பிரேம் அல்லது எஸ், எம் எல்லையில் வருவீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், காலின் உட்பக்க நீளமும் கையின் நீளமும் ஆளுக்கு ஆள் வேறு. அதனால் இரண்டையும் ஏறிப் பாருங்கள். முதல் மாதம் வாரம் 150 நிமிடம், பேசிக்கொண்டே மிதிக்கிற வேகம். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் வேகத்தைக் குறையுங்கள். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன்னால் திரும்பிவிடலாம்.

தொரப்பாடி தம்பி (காலை 10.31)

அண்ணே, 28 போட்டால் இரண்டு பேருக்கும் பொதுவாகப் போகுமே?

காந்திநகர் கியர் (காலை 10.33)

இதில் பொது என்று ஒன்றும் இல்லை தம்பி.

சத்துவாச்சாரி சக்கரம் (காலை 10.34)

தம்பி, 28-ஐ நான் முதல் பதிவிலேயே சொல்லிவிட்டேன். படித்துவிட்டு வாருங்கள். அதைச் சமாதானமாகக் கொண்டுவர வேண்டாம்.

கணியம்பாடி நண்பரே, ஒன்றை மட்டும் செய்யுங்கள். கடையில் வண்டியைத் தூக்கி எடை பார்ப்பதை விட்டுவிட்டு, பின்பக்கம் குனிந்து டயருக்கும் பிரேமுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். ரிம் பிரேக் வண்டிகள் பலவற்றில் 25, மிஞ்சினால் 28-தான் நுழையும். டிஸ்க் பிரேக் வண்டிகளில் பெரும்பாலும் 32 நுழையும். பின்னால் மனசு மாறினாலும் பிரேம் மாறாது. இன்று 25 போட்டே வந்தாலும் 32-க்கு இடம் விட்ட பிரேமை வாங்குங்கள்.

காந்திநகர் கியர் (காலை 10.40)

//இன்று 25 போட்டே வந்தாலும்//

25-ல் ஆரம்பிக்கலாம் என்று ஒருவழியாக வாயால் வந்துவிட்டது. எல்லோரும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சத்துவாச்சாரி சக்கரம் (காலை 10.41)

வாக்கியத்தைப் பாதியில் வெட்டாதீர்கள். பள்ளிகொண்டாவில் என்னை விட்ட மாதிரியே வாக்கியத்தையும் பாதி வழியில் விடுகிறீர்கள்.

ஜோலார்பேட்டை ஜங்ஷன் (காலை 10.58)

மேலே ஏலகிரியை இன்னும் திருத்தவில்லை.

கணியம்பாடி புதியவன் (காலை 11.15)

டீச்சர் மேடம், ரொம்ப நன்றி, சனிக்கிழமை போய் 52 ஏறிப் பார்க்கிறேன். கடைக்காரர் போனில் வண்டியில் 30 டயர் இருக்கிறது என்கிறார். அது சரியா?

காந்திநகர் கியர் (காலை 11.16)

இல்லை.

சத்துவாச்சாரி சக்கரம் (காலை 11.16)

பிரேமில் 32 நுழையுமா என்று கேளுங்கள்.