மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்தால் மானம் போய்விடுமா?

செங்கமலம்:
கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் அக்கா மகள் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் நுண்கலை படிக்கிறாள். போன மாதம் கல்லூரிக் காட்சிக்காக வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஒரு பாயில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணம் மஞ்சள். வருகிறவர்கள் அவள் கையிலோ காலிலோ முகத்திலோ பூசலாம், அவ்வளவுதான். யாரோ எடுத்த படம் எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. உடனே ஒரு பெரியவர், "உடம்பைக் காட்டுவது கலை இல்லை, வெள்ளைக்காரன் ஒட்டவைத்த வியாதி, தமிழ்ப் பெண்ணுக்கு இந்த வழக்கமே கிடையாது" என்று போட்டார். அறுபது பேர் அதற்குக் கைகூப்பினார்கள். அதே குழுவில் தைப்பூசத்தன்று வெற்று முதுகில் கொக்கி மாட்டித் தேர் இழுக்கும் ஆண்களின் படம் இருநூறாவது இருக்கும். அங்கே யாருக்கும் உடம்பு தெரியவில்லையா?

காவடி_மாமா:
அந்தப் பெரியவர் நான்தான். ஒளிந்துகொள்ள நான் என்ன திருடினேனா? 31 வருஷமாகக் காவடி எடுக்கிறேன். பத்து நாள் விரதம், கவுச்சி கிடையாது, கட்டிலில் படுப்பது கிடையாது. கொக்கி என் முதுகில் இறங்குவது முருகனுக்காக, பார்க்கிறவனுக்காக இல்லை. அந்தப் பிள்ளை உட்கார்ந்தது மார்க்குக்காக. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே தாயி. அப்புறம், மஞ்சள் மங்கலப் பொருள். நலங்கில் சுமங்கலிகள் பூசுவது, தாலிக் கயிற்றில் தடவுவது. அதைக் கிண்ணத்தில் வைத்துக் கண்டவன் கையால் பூசச் சொன்னது தப்பு. என் பேச்சு அவ்வளவுதான்.

பன்னி_சோறு:
பார்க்கிறவனுக்காக இல்லை என்றால், போன தைப்பூசத்துக்கு ட்ரோன் விட்டது யார் மாமா?

காவடி_மாமா:
ட்ரோன் என் மருமகன் விட்டது. பேச்சை மாற்றாதே.

மலையடி:
கேப்டவுனிலிருந்து எழுதுகிறேன். மஞ்சளை உடம்பில் கொட்டிக்கொண்ட முதல் ஆள் உங்கள் அக்கா மகள் இல்லை. இங்கே பெர்னி சேர்ல் என்ற கலைஞர் 1990-களின் கடைசியில் 'கலர் மீ' என்று ஒரு படவரிசை செய்தார். தன் வெற்றுடம்பை மசாலாத் தூளால் மூடிக்கொண்டு எடுத்த படங்கள். சிவப்புக்குப் பாப்ரிகா, மஞ்சளுக்கு மஞ்சளேதான், பழுப்புக்குக் கிராம்புத் தூள். 1950-இல் சட்டம் போட்டு ஒவ்வொரு ஆளையும் நிறம் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றிய நாடு இது. அதற்கு முன்னூறு வருஷம் முன்னால் டச்சுக்காரன் கேப்பில் இறங்கியதே மசாலாவுக்குப் போகிற கப்பல்களுக்காக, அந்தக் கடல்வழியில்தான் அடிமைகளும் வந்தார்கள். அந்த மண்ணில் பிறந்த ஒரு பெண் அந்த மசாலாவையே போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். இதில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது, கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

காவடி_மாமா:
அந்தம்மா போட்டது கறிக்குப் போடும் மஞ்சள். நான் சொல்வது பூசு மஞ்சள். இரண்டும் வேறு. அதனால் உன் உதாரணம் செல்லாது.

செங்கமலம்:
எங்கள் பிள்ளை போட்டதும் கறி மஞ்சள்தான் மாமா. என் சமையலறை டப்பாவிலிருந்துதான் எடுத்துப் போனாள். சேலையை மூன்று தடவை ஊறவைத்துத் துவைத்தாயிற்று, முதுகுப் பக்கம் ஐந்து விரலும் அப்படியே பதிந்து நிற்கிறது. முதுகில் பூசலாம் என்று அவள் யாருக்கும் சொல்லவில்லை. அதைப் பற்றி உங்கள் குழுவில் ஒருவர் கூடக் கேட்கவில்லை.

காவடி_மாமா:
கறி மஞ்சள் என்றால் இன்னும் தப்பு. சாப்பிடும் பொருளை வீணாக்கலாமா?

மலையடி:
சபாஷ். பூசு மஞ்சளாக இருந்தால் மங்கலம் கெட்டது, கறி மஞ்சளாக இருந்தால் சோறு கெட்டது. பெண் எந்த டப்பாவைத் திறந்தாலும் குற்றம்.

புதுக்கப்பல்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பூசு மஞ்சள், கறி மஞ்சள் என்று இரண்டோடு முடிவதில்லை. கஸ்தூரி மஞ்சள் தனிச் செடி, அதைச் சமையலில் போடுவதில்லை, அதன் கறையும் இவ்வளவு பிடிக்காது. ஊரில் இதெல்லாம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே தமிழே பாதி மறந்துபோன இடத்தில் மங்கலம், வழக்கம் என்று தீர்ப்புச் சொல்வதுதான் வேடிக்கை.

காவடி_மாமா:
யாரடா நீ? கம்ப்யூட்டர் வேலைக்கு விமானத்தில் வந்திறங்கியவன் எனக்கு வழக்கம் சொல்கிறாயா? 1860 நவம்பர் 16, மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல், ஒப்பந்தக் கூலிகளை இங்கே இறக்கிய முதல் கப்பல். என் பூட்டனார் அதில் வந்தவர். கரும்புத் தோட்டத்தில் அடி வாங்கிக்கொண்டே கோயில் கட்டினார்கள். நாங்கள் தமிழை மறக்கவில்லை, எங்களிடமிருந்து பிடுங்கினார்கள். நான் ஐம்பது வயதுக்கு மேல் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தவன்.

பன்னி_சோறு:
ட்ரூரோவில் வந்தது 342 பேர். டர்பனில் நம் ஆள்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் மட்டும் அதில் வந்தவருக்குப் பேரன் என்று சொல்கிறவர்களை எண்ணினால் கப்பல் துறைமுகத்திலேயே முழுகியிருக்கும்.

காவடி_மாமா:
ஆவணம் இருக்கிறது. வீட்டுக்கு வா, காட்டுகிறேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டுக் கொய்கொய் இனப் பெண் சாரா பார்ட்மேனை 1810-இல் லண்டனுக்குக் கொண்டுபோய்க் காட்சிப் பொருளாக்கினார்கள். 1815-இல் பாரிஸில் செத்த பிறகும் விடாமல் அந்த உடம்பை மியூசியத்தில் வைத்தார்கள். மண்டேலா கேட்டு, பேசிப் பேசி, 2002-இல்தான் ஊர் திரும்பி ஹேங்கியில் அடக்கம் ஆயிற்று. நாம் எல்லாரும் அழுதோம். இப்போது நம் பெண்களே தானாகப் போய்க் கூண்டில் உட்காருவார்களாம், நாம் கைதட்ட வேண்டுமாம்.

மலையடி:
நல்ல இடத்தைத் தொட்டீர்கள். கூண்டில் ஒருத்தி உட்கார்ந்தே காட்டினார். கலைஞர் ட்ரேசி ரோஸ், 1997, இரண்டாவது ஜோகன்னஸ்பர்க் பியனாலே என்ற கலைக் கண்காட்சி. தலையை மழித்துக்கொண்டு, ஆடையில்லாமல், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு டிவி பெட்டியின் மேல் உட்கார்ந்து, மழித்த தன் முடியையே முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். சாராவை அடைத்த கண்ணாடியைத்தான் அவர் நினைவுபடுத்தினார். சாராவை உள்ளே வைத்தது பிறத்தியார், ரோஸ் தானே போய் உட்கார்ந்தார். இந்த வித்தியாசம் உங்களுக்குப் புரியவில்லை என்றால் நான் நம்ப மாட்டேன், ஏனென்றால் கொக்கியை நீங்களே மாட்டிக்கொள்வதற்கும் இன்னொருவன் பிடித்துக் குத்துவதற்கும் உள்ள வித்தியாசம் உங்கள் முதுகுக்குத் தெரியும்.

காவடி_மாமா:
அதில் மஞ்சள் இல்லை. நான் மஞ்சளைப் பற்றிப் பேசுகிறேன்.

செங்கமலம்:
மஞ்சள், மஞ்சள், மஞ்சள். மாமா, உங்கள் மகள் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு நான்தான் பின்னல் போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு அவள் ஆடிய பதத்தில் நாயகி ராத்திரி வராத நாயகனை எண்ணி மார்பில் கை வைத்து உருகினாள். நீங்கள் முன் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். அந்த ஆட்டத்தைச் சதிர் என்று சொல்லி மெட்ராஸில் காறித் துப்பிய காலம் ஒன்று உண்டு. 1935-இல் ருக்மிணி தேவி மேடை ஏறியபோது குடும்பப் பெண் ஆடலாமா என்று முகம் சுளித்தார்கள். 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாக ஆடிக் காப்பாற்றியவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, ஆட்டத்தை மட்டும் பட்டுத்துணியில் சுற்றி உள்ளே எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு அதுவே கௌரவம்.

காவடி_மாமா:
என் மகளை இழுக்காதே. அவள் ஆடியது நடராஜர் முன்னால்.

புதுக்கப்பல்:
காரைக்கால் அம்மையாரும் நடராஜர் முன்னால்தான். அழகான சதையை உதறிவிட்டுப் பேயுருவம் கேட்டு வாங்கி, கயிலாயத்துக்குத் தலையால் நடந்து போனவர். தமிழ்ப் பெண்ணுக்கு வழக்கமே கிடையாது என்றீர்களே, இது எந்த வழக்கம்?

காவடி_மாமா:
அம்மையார் நாயன்மார். கல்லூரிப் பெண்ணும் அவரும் ஒன்றா? வாயைக் கழுவு.

மலையடி:
இத்தாலியில் நேப்பிள்ஸில் 1974-இல் மரினா அப்ரமோவிச் என்ற கலைஞர் ஆறு மணி நேரம் அசையாமல் நின்றார். மேசையில் 72 பொருள்கள். ரோஜா, தேன், கத்தி, ஒரு துப்பாக்கி, ஒரு குண்டு. எதையும் என் மேல் பயன்படுத்தலாம் என்று எழுதி வைத்திருந்தார். முதலில் பூக் கொடுத்தவர்கள் போகப் போக உடையைக் கிழித்தார்கள், தோலைக் கீறினார்கள், ஒருவன் துப்பாக்கியை அவருக்கே குறிவைத்தான். நேரம் முடிந்து அவர் நடக்க ஆரம்பித்ததும் நின்றவர்கள் ஓடிப்போனார்கள். செங்கமலம் அக்கா சொன்ன அந்த ஐந்து விரல் கறையைப் படித்ததிலிருந்து எனக்கு இதுதான் ஞாபகம்.

பன்னி_சோறு:
ஆண்களை மட்டும் சொல்லாதீர்கள். 2009-இல் ஜோகன்னஸ்பர்க் கான்ஸ்டிட்யூஷன் ஹில்லில் கறுப்பினப் பெண் கலைஞர்கள் காட்சியைத் தொடங்கி வைக்க வந்த கலைத்துறை அமைச்சர் படங்களைப் பார்த்துவிட்டுப் பேசாமலே வெளியேறினார். அந்த அமைச்சரும் பெண்தான். ஒழுக்கக்கேடு என்றார்.

காவடி_மாமா:
பார், பெண் அமைச்சரே சொல்லிவிட்டார்.

மலையடி:
அதில் பெரிய வம்பு ஸனேலே முஹோலி எடுத்த படங்களால். நம் டர்பன் உம்லாஸியில் பிறந்தவர், இப்போது உலகத்து மியூசியங்கள் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. அமைச்சர் பெயரை இப்போது யாராவது...

காவடி_மாமா:
அங்கேயும் மஞ்சள் இல்லை.

செங்கமலம்:
போன வருஷம் அன்னதானத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் விடியற்காலை மூன்று மணியிலிருந்து பருப்பும் கறியும் ஆக்கினோம். கையெல்லாம் இதே மஞ்சள்தான். மேடையில் மாலை யாருக்கு விழுந்தது என்று நான் இன்னும் மறக்கவில்லை.

காவடி_மாமா:
ஆ, இப்போதுதான் உண்மைக் கோபம் வெளியே வருகிறது! மாலை கமிட்டி முடிவு. அதை இங்கே கொண்டுவராதே.

பன்னி_சோறு:
புதுக்கப்பல் அண்ணா, அந்தக் கஸ்தூரி மஞ்சள் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் கிடைக்குமா? அம்மா கேட்கிறார்.

புதுக்கப்பல்:
பார்த்து வாங்கச் சொல்லுங்கள். பாதிக் கடையில் பெயரை மாற்றிக் கறி மஞ்சளையே கட்டிக் கொடுக்கிறார்கள்.

காவடி_மாமா:
அதைத்தான் நான் காலையிலிருந்து சொல்கிறேன், இரண்டும் வேறு என்று! செங்கமலம், கேட்டதற்குப் பதில் சொல். கிண்ணத்தில் இருந்தது கறி மஞ்சள் என்று உனக்கு நிச்சயமாகத் தெரியுமா? டப்பாவை நீ பார்த்தாயா?

செங்கமலம்:
சேலை இங்கேதான் கொடியில் தொங்குகிறது. வந்து மோந்து பாருங்கள்.