போட்டி வீடியோவை வைத்து சேபர் ஆட்டத்தைத் திருத்துவது: மூன்று துண்டுகள் போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்

சேபர்_பதினாறு:

எல்லாருக்கும் வணக்கம். வாள்வீச்சு (ஃபென்சிங்) ஆடுகிறேன். வயது 16, வலது கை, ஆயுதம் சேபர். மாநிலப் போட்டியில் பூல் (முதல் குழுச் சுற்று) தாண்டி நாக் அவுட்டில் 11-15 என்று தோற்ற ஆட்டத்தின் மூன்று துண்டுகளை இணைத்திருக்கிறேன். கேலரியில் உட்கார்ந்து போனில் எடுத்தது, நொடிக்கு 30 பிரேம். மூன்றிலும் நான் ரெப்ரிக்கு (நடுவருக்கு) இடது பக்கம்.

முதல் துண்டு: ரெப்ரி சொன்னதும் இருவரும் நடுவில் பாய்கிறோம். இரண்டு விளக்கும் எரிகிறது (இருவர் அடியும் பட்டது), புள்ளி அவருக்கு. அன்றைக்கு இப்படிப் பல தடவை போனது.

இரண்டாம் துண்டு: பின்வாங்கிக்கொண்டே நாலாம் பாரி (இடது பக்கத்தைக் காக்கும் வாள் தடுப்பு) எடுக்கிறேன். அவர் வலது விலாவில் வெட்டிவிடுகிறார்.

மூன்றாம் துண்டு: நான் துரத்துகிறேன். அவர் என் முன்கையில் அடிக்கிறார். அவர் விளக்கு மட்டும் எரிகிறது.

என் கை வேகம் போதவில்லையா? எதை முதலில் திருத்த வேண்டும்? அடுத்த முறை வீடியோ எப்படி எடுத்தால் உங்களுக்குப் பார்க்க வசதி?

நாலாம்_பாரி:

தம்பி, மூன்றையும் பார்த்தேன். கை வேகத்தில் குறை இல்லை. மூன்றிலுமே கோளாறு காலில் தொடங்கி, கடைசியில் கையில் தெரிகிறது. அடி விழுந்த பிரேமிலேயே வீடியோவை நிறுத்திப் பார்த்தால் கைதான் கண்ணில் படும். அதிலிருந்து ஒரு நொடி பின்னால் ஓட்டிப் பாருங்கள்.

இரண்டாம் துண்டு முதலில். உங்கள் கார்டு (வாளில் கையை மறைக்கும் காப்பு) மூன்றாம் பாரியிலிருந்து, அதாவது வலது பக்கக் காப்பிலிருந்து, நாலுக்கு நகரத் தொடங்கும் பிரேமில் நிறுத்துங்கள். இப்போது அவருடைய முன்காலைப் பாருங்கள். பாதம் முழுசாகத் தரையில் இருக்கிறது. அவர் இன்னும் லஞ்ச் (முன்காலை நீட்டிப் பாய்வது) போடவே இல்லை, இடது பக்கம் வருவதுபோல் சும்மா காட்டினார். நீங்கள் அந்தக் காட்டலுக்கே பாரியைக் கொடுத்துவிட்டீர்கள். லஞ்சுக்காக அவர் முன்பாத விரல்கள் தூக்கும் நேரத்தில்தான் பாரி கிளம்ப வேண்டும். அதற்கு முன்னால் கிளம்பும் பாரி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏமாந்த பாரிதான்.

இன்னொன்று, அந்தப் பாரி அகலமாகப் போகிறது. முழங்கையே உடம்பைக் குறுக்காகக் கடந்து போவது பின்னாலிருந்துகூடத் தெரிகிறது. அங்கிருந்து மூன்றுக்குத் திரும்ப உங்களுக்கு மூன்று பிரேம் ஆகிறது, அதாவது சுமார் 100 மில்லி செகண்ட். அவர் விலாவுக்கு மாற்ற அது தாராளம். நாலாம் பாரியில் கார்டு உடம்பின் இடது ஓரத்தோடு நின்றால் போதும்.

ஏன் சீக்கிரமே எடுக்கிறீர்கள் என்பதற்கும் துண்டிலேயே பதில் இருக்கிறது. ஒரே நீளத்தில், ஒரே தாளத்தில் இரண்டு அடி பின்வாங்குகிறீர்கள். மூன்றாவது அடியில் கால் நின்றுவிடுகிறது. கால் நின்றதும் கை பதறுகிறது. எதிராளிக்கு அந்தத் தாளம் பழகிவிட்டது, நீங்கள் நிற்கும் இடத்தை முன்கூட்டியே அறிந்து காட்டுகிறார். ஒரு நீள அடி, இரண்டு குட்டி அடி, நடுவில் எதிர்த்து அடிப்பதுபோல் ஒரு சின்ன அசைவு, உடனே மறுபடி பின்னால் என்று கலந்து விடுங்கள். அவர் லஞ்ச் காற்றில் விழ வேண்டும், பிறகு நீங்கள் ஏறிப் போக வேண்டும். என் கணக்கில் உங்களுக்கு இப்போதைக்குப் பாரியைவிட இதுதான் அவசரம்.

மூன்றாம் துண்டில் ஒற்றை விளக்கு என்பதைக் கவனியுங்கள். சேபரில் பாக்ஸின் (விளக்குப் பெட்டியின்) பூட்டு நேரம் 170 மில்லி செகண்ட். ஒருவர் தொட்ட பிறகு அந்த நேரத்துக்குள் மற்றவர் தொடாவிட்டால் இரண்டாவது விளக்கு எரியாது. உங்கள் 30 பிரேம் வீடியோவில் அது ஐந்து பிரேம். உங்கள் அடி ஆறேழு பிரேம் கழித்துத்தான் போய்ச் சேர்கிறது. ஆகவே பிரையாரிட்டி (இரண்டு விளக்கும் எரிந்தால் புள்ளியைத் தீர்மானிக்கும் முன்னுரிமை) யாருக்கு என்ற கேள்வியே எழவில்லை. அவர் கைக்கு எட்டும் தூரத்தில் நீங்கள் கார்டைத் திறந்து வைத்திருந்தீர்கள், அவ்வளவுதான்.

எங்கே திறக்கிறது? துரத்தத் தொடங்கும்போது கார்டு முழங்கை மட்டத்தில் இருக்கிறது. கடைசி அட்வான்ஸில் (முன்னே வைக்கும் அடியில்) வேகம் கூட்டும்போது வெட்டுக்காகக் கையைப் பின்னால் இழுக்கிறீர்கள், கார்டு இடுப்புக்கு இறங்குகிறது, முன்கையின் மேல்பக்கம் வெறுமையாகிறது. கூடவே பின்காலைப் பாருங்கள். வேகத்தில் அது முன்குதிகாலுக்கு ஒட்டி வந்துவிடுகிறது. நிற்கும் அகலம் குறைந்தால் பின்காலில் உந்த முடியாது. உந்தல் இல்லாத லஞ்ச் குட்டையாகும், குறைந்த தூரத்தை உடம்பைச் சாய்த்து எட்டப் பார்ப்பீர்கள், அப்போது உங்கள் கைதான் அவருக்கு முதலில் கிடைக்கும்.

முதல் துண்டை ரெப்ரி வேலை பார்ப்பவர்கள் சொன்னால் நல்லது.

இரட்டை_விளக்கு:

முதல் துண்டுக்கு நான் சொல்கிறேன்.

அதை முதலில் முழு வேகத்தில், நிறுத்தாமல் பாருங்கள். ரெப்ரி பார்த்தது அந்த வேகத்தில்தான். நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டினால் எல்லாமே பாரி மாதிரி தெரியும், எல்லா அட்டாக்கும் தயங்கியது மாதிரி தெரியும். மெதுவாக ஓட்டுவது காரணத்தைத் தேடுவதற்கு. தீர்ப்பைத் தேட அதைப் பயன்படுத்தினால் ரெப்ரி மீது கோபம்தான் மிஞ்சும்.

முழு வேகத்தில் எனக்கும் அது அவருடைய அட்டாக் என்றுதான் படுகிறது. இப்போது மெதுவாக்கிக் காரணம் பார்ப்போம். சேபரில் லஞ்சோடு போகும் அட்டாக்குக்கு விதி இரண்டு விஷயம் கேட்கிறது. கை நீள்வது, லஞ்ச் தொடங்குவதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். அடி, முன்கால் தரையைத் தொடும் நேரத்துக்குள் விழுந்திருக்க வேண்டும். உங்கள் குதிகால் இறங்கி இரண்டு பிரேம் கழித்து விளக்கு எரிகிறது, சுமார் 66 மில்லி செகண்ட். அவருக்குக் காலும் விளக்கும் ஒரே பிரேமில். இருவரும் ஒன்றாகக் கிளம்பியும் ரெப்ரி கண்ணுக்கு உங்களுடையது தாமதமான அட்டாக்.

அதற்கு முன்னால் இன்னொரு இடறல். முதல் அட்வான்ஸ் முடிந்ததும் உங்கள் முன்கால் ஒரு கணம் காற்றில் மிதக்கிறது. அவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்க்கிறீர்கள். பார்ப்பது தவறில்லை, காலை நிறுத்திப் பார்ப்பதுதான் தவறு. எதிராளி நிற்காமல் வந்துகொண்டிருந்தால் அந்தத் தயக்கமே பிரையாரிட்டியைக் கொடுத்துவிடும்.

விளக்கு எரியும் பிரேமையே அடி விழுந்த பிரேமாக எடுத்துக்கொள்ளுங்கள். 30 பிரேமில் சேபரின் தகடு மங்கலான விசிறி மாதிரிதான் பதியும், அதை வைத்து நேரம் சொல்ல முடியாது. ரெப்ரி குரலை வைத்தும் சொல்லாதீர்கள். கேலரி 10 மீட்டர் தள்ளி இருந்தால் சத்தம் வந்து சேரவே கிட்டத்தட்ட ஒரு பிரேம் ஆகிறது. இரண்டு பேரின் முன்கால்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள், போதும்.

கண்ணைப் பழக்க ஒரு வழி: நல்ல ஆட்டங்களைச் சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டி, ரெப்ரி கை காட்டுவதற்கு முன் நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள். 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் சென்னை பவானி தேவி ஒரே நாளில் ஆடிய இரண்டு ஆட்டங்களும் இதற்குப் பொருத்தம். துனிசியாவின் நாதியா பென் அஸிஸியை 15-3 வென்றார், அடுத்த சுற்றில் பிரான்சின் மனோன் புருனேவிடம் 7-15 தோற்றார். ஒரே ஆட்டக்காரர், ஒரே நாள், இரண்டு வேறு எதிராளிகள். எந்த இடத்தில் புள்ளி வந்தது, எந்த இடத்தில் போனது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்துப் பாருங்கள்.

ட்ரைபாட்_ராணி:

வீடியோ எடுப்பது பற்றி மட்டும்.

எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது நீங்கள் நினைப்பதைவிட முக்கியம். உங்கள் துண்டுகள் ரெப்ரி இருக்கும் பக்கத்திலிருந்து எடுத்தவை. அவருக்கு இடதுபுறம் நிற்கும் வலக்கைக்காரரின் முதுகுதான் அங்கிருந்து தெரியும். நாலாம் பாரியில் கார்டு போய் நிற்கும் இடத்தை உங்கள் உடம்பே மறைத்துவிடுகிறது. ரெப்ரிக்கு வலதுபுறம் நிற்கும்போது நெஞ்சுப்பக்கம் தெரியும். முதலில் பெயர் கூப்பிடப்படுபவர் வலதுபுறம் போவார். இடக்கைக்காரர் வலக்கைக்காரரோடு ஆடினால் மட்டும் இடக்கைக்காரர் எப்போதும் இடதுபுறம். ஆகவே பெயர் கூப்பிட்டதும், எடுப்பவர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்யலாம். இடம் கிடைத்தால் எதிர்ப்பக்கம் போகச் சொல்லுங்கள்.

கேலரி உயரம் வேண்டாம். மேலிருந்து பார்த்தால் பாதம் எப்போது தரையை விட்டது என்று தெரியாது. இடுப்பு உயரம், சுமார் ஒரு மீட்டர், பிஸ்ட்டின் (ஆடும் தளத்தின்) நடுக்கோட்டுக்கு நேராக. போன் படுக்கை வாட்டில். பாக்ஸ் விளக்கும் ரெப்ரி கையும் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும். அவை இல்லாத துண்டுக்கு யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது.

பிஸ்ட் 14 மீட்டர். சாதாரண லென்ஸில் முழுசும் அடங்க ஏறக்குறைய 11 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், பல பிஸ்ட் போட்ட ஹாலில் அது நடக்காது. அகல லென்ஸில் ஐந்தாறு மீட்டர் போதும், ஆனால் ஓரங்களில் உடம்பு இழுபட்டுத் தூரம் பொய் சொல்லும். ட்ரைபாடில் வைத்து மெதுவாகத் திருப்புவதுதான் என் தேர்வு. இருவருக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தைப் பின்தொடருங்கள். ஒருவரை மட்டும் தொடர்ந்தால் மற்றவர் கால் சட்டகத்துக்கு வெளியே போய்விடும்.

60 பிரேம் வையுங்கள், ஒரு பிரேம் சுமார் 17 மில்லி செகண்ட். 240 தேவையில்லை. ஹால் வெளிச்சத்தில் படம் இருண்டுவிடும். ஷட்டரைக் கையால் வைக்க முடிந்தால் 1/100. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும், 1/100 வைத்தால் அந்தத் துடிப்பால் படத்தில் பட்டை விழாது. அதைவிட வேகமாக வைத்தால் தகடு கூர்மையாகும், ஆனால் சில ஹால்களில் படம் மினுக்கும். முதல் ஆட்டத்துக்கு முன்னால் பத்து நொடி எடுத்துப் பாருங்கள்.

கேட்கும்போது ஒரு துண்டு 8 முதல் 12 நொடி போதும். ஆங் கார்டில் (தயார் நிலையில்) தொடங்கி, ரெப்ரி கை காட்டி முடிப்பது வரை. கூடவே நான்கு விஷயம் எழுதுங்கள்: நீங்கள் எந்தப் பக்கம், அப்போது ஸ்கோர், ரெப்ரி தீர்ப்பு, நீங்கள் செய்ய நினைத்தது. கடைசியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நினைப்பு தவறா, செய்த விதம் தவறா என்று அது இல்லாமல் பிரிக்க முடியாது.

எதிராளியும் உங்கள் வயதுதான். ஜாக்கெட்டின் முதுகில் அவர் பெயர் இருக்கிறது. அவர் வீட்டாரிடம் கேட்டுவிட்டு, இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி போடுங்கள். இப்போது போட்டிருப்பதை முதலில் மாற்றிவிடுங்கள்.

சேபர்_பதினாறு:

மாற்றிவிட்டேன் அக்கா, நன்றி. முழு ஆட்டத்தையும் உட்கார்ந்து எண்ணினேன், 26 புள்ளி. நடுவில் 12: எனக்கு 5, அவருக்கு 7. நான் துரத்தியது 8: எனக்கு 5, அவருக்கு 3. நான் பின்வாங்கியது 6: எனக்கு 1, அவருக்கு 5. இடைவேளையில் 7-8. அதற்குப் பிறகு 4-7. பின்வாங்குவதைத்தான் முதலில் எடுக்க வேண்டுமா?

நாலாம்_பாரி:

வென்ற புள்ளிகளையும் சேர்த்து எண்ணியது நல்ல வேலை. தோற்றதை மட்டும் பார்த்திருந்தால் துரத்துவதைப் பெரிய குறையாக நினைத்திருப்பீர்கள். அதுதான் உங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. அங்கே கார்டு இறங்குவதை மட்டும் சரிசெய்தால் போதும்.

ஆமாம், முதலில் பின்வாங்கல். ஒரு நண்பர் அட்டாக் வரட்டும், நீங்கள் பாரியே எடுக்கக் கூடாது. அவர் லஞ்ச் காற்றில் விழுந்தால் உங்களுக்கு ஒன்று, தொட்டால் அவருக்கு ஒன்று. 8 தடவை ஒரு சுற்று, வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 4 சுற்று. இரண்டு வாரம் கழித்துப் பாரியைச் சேருங்கள்.

ஆனால் நடுவில் 5-7 என்பதையும் விடாதீர்கள். ஒரு புள்ளி திரும்பியிருந்தால் 6-6. இடைவேளையில் அவருடைய கோச் உங்கள் தயக்கத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கவும் கூடும். இடைவேளைக்குப் பிந்தைய நடுப் புள்ளிகளை மட்டும் தனியாக எடுத்து ஓட்டிப் பாருங்கள், அவர் கிளம்பும் விதம் மாறியிருக்கிறதா என்று. உங்கள் கோச்சிடமும் அதையே காட்டுங்கள். எங்கள் மூன்று பேர் சொல்வதும் அவர் சொல்வதும் மோதினால் அவர் சொல்வதைச் செய்யுங்கள். அவர் உங்களை வாரம் முழுவதும் பார்க்கிறார், நாங்கள் முப்பது நொடி பார்த்திருக்கிறோம்.

இரட்டை_விளக்கு:

தாமதமான லஞ்சுக்கு வீடியோ இல்லாமலே ஒரு சோதனை இருக்கிறது. சுவரில் பஞ்சுத் திண்டு மாட்டி லஞ்ச் போடுங்கள், காதைக் கொடுங்கள். முதலில் தகடு திண்டில் படும் 'டப்', பிறகு கால் இறங்கும் 'தொப்'. இரண்டும் ஒன்றாகக் கேட்டாலும் சரி. 'தொப்' முதலில் கேட்டால் கை பிந்துகிறது. கையை வேகமாக வீசி அதைச் சரிசெய்ய முயலாதீர்கள், தோள் இறுகிவிடும். கையை ஒரு கணம் முன்னதாகக் கிளப்புங்கள், காலை அதன் பின்னால் விடுங்கள்.

சேபர்_பதினாறு:

இப்போதே பத்து போட்டுப் பார்த்தேன் அண்ணா. ஏழில் 'தொப்' முதலில். அடுத்த மாதப் போட்டியில் எதிர்ப்பக்கத்திலிருந்து, இடுப்பு உயரத்தில், 60 பிரேமில் எடுத்து இதே இழையில் போடுகிறேன்.

ட்ரைபாட்_ராணி:

போன் சேமிப்பில் இடம் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். பூல் முழுசும் எடுத்தால் நாக் அவுட் நேரத்தில் நிரம்பிவிடும். ஹாலில் பிளக் பாயின்ட் கிடைப்பதும் கஷ்டம், பவர் பேங்க் ஒன்று பையில் இருக்கட்டும்.