கொடுத்தவங்க பேரைச் சொல்லாம சாட்சி சொல்றது எப்படி?

உப்பளத்து வீட்டம்மா, தூத்துக்குடி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வீட்டுக்காரருக்கு உப்பு வாருற வேலை. மழை பிடிச்சா பாத்தியெல்லாம் முங்கிரும், ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் கூலி கிடையாது. இந்தக் கார்த்திகையில மகளுக்குப் பரீட்சைப் பணம் 2,400 ரூபா கட்ட வேண்டியிருந்துச்சு. திங்கக்கிழமை கடைசி நாள். கம்மல் ஏற்கெனவே அடகுல. யார்ட்டயும் வாய் திறக்கல. மூணு ராத்திரி அடுப்படியில முழங்கால்ல நின்னேன். "ஆண்டவரே, பிள்ளை தலைகுனியக் கூடாது." அதுக்கு மேல வார்த்தை வரல.

சனிக்கிழமை விடியக்காலம் கதவு தட்டுற சத்தம். எங்க தெருவுல மீன் விக்கிற பெரியம்மா, திரேஸ்புரத்துக்கு மீன் எடுக்கப் போற வழியில நிக்காங்க. சுருக்குப்பையிலிருந்து ஐநூறு ரூபா தாள் அஞ்சு எடுத்து என் கையில திணிச்சாங்க. "ராத்திரி பூரா ஒன் மொகமே வந்துச்சு தாயி. என்ன ஏதுன்னு கேக்க மாட்டேன். யார்ட்டயும் சொல்லாத." கூடையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. தாள்ல மீன் வாடை. அதை மோந்துக்கிட்டே அழுதேன்.

பிறகுதான் தெரிஞ்சுது, அது ஒழுகுற கூரைக்குத் தகரம் வாங்க அவங்க சேர்த்து வச்ச காசு. திருப்பிக் கொடுக்கணுமா? என் முகத்தைப் பாத்து ஐயரம்மா (எங்க சபைப் போதகர் வீட்டம்மா) கேட்டப்ப, கர்த்தர் நன்மை செஞ்சார்னு மட்டும் சொன்னேன். வியாழக்கிழமை சபையில பெண்கள் ஐக்கிய சங்கத்துல அந்த நன்மையை எல்லார் முன்னாலயும் சாட்சியா சொல்லுன்னுட்டாங்க. பேரைச் சொல்லாம எப்படிச் சொல்ல?

ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை:
மகளே, ஜார்ஜ் முல்லர் 1836-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கினார். பிற்காலத்தில் ஒரே சமயத்தில் 2,000 பிள்ளைகளுக்கு மேல் அங்கே சாப்பிட்டார்கள். தேவையை மனுஷரிடம் கேட்காமல் ஜெபத்தில் வைப்பதுதான் அவர் வழக்கம். வந்த காணிக்கையையெல்லாம் ஆண்டறிக்கையில் அச்சிட்டார். தொகை இருக்கும், வந்த பொருள் இருக்கும், கொடுத்தவர் பெயர் இருக்காது. நீயும் அப்படியே சொல். ஆனால் மீன் வாடையை மட்டும் சொல்லிவிடாதே, தெருவுக்கே ஆள் தெரிந்துவிடும்!

பணத்தைத் திருப்பிக் கொடுக்காதே. உலை வைக்கும்போது பிடியரிசி எடுத்து வைப்பாய் அல்லவா, அந்தப் பழக்கத்தை விடாதே. அது வேறொரு வீட்டுக்குப் போகட்டும்.

மதுரைத் தம்பி:
அக்கா, ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். எங்கப்பாவுக்காக எட்டு மாசம் உபவாசம் இருந்து ஜெபிச்சோம். அப்பா பிழைக்கல. அந்த வருஷம் ஒருத்தங்க சாட்சி சொல்லும்போது, "விசுவாசிச்சா கிடைக்கும்"னாங்க. அம்மா பாதியிலேயே எழுந்து வெளிய போயிட்டாங்க. உங்களுக்குக் கிடைச்சதைச் சொல்லுங்க, சந்தோஷமா கேப்போம். கிடைக்காதவங்களும் அதே பாயில உக்காந்திருப்பாங்க.

ஆஸ்பத்திரி வராந்தாவுல பக்கத்துப் படுக்கைக்காரரோட மனைவி, முஸ்லிம் அம்மா, தினமும் எங்களுக்கும் சேர்த்து டீ வாங்கிட்டு வருவாங்க. நாங்க அதைக் கேட்டு ஜெபிக்கல. இன்னும் அந்த டீ ஞாபகம் இருக்கு.

நாசரேத்துக்காரி:
நான் கொடுக்கிற பக்கமிருந்து சொல்றேன். மனசுல ஒரு ஏவுதல் வந்து கொடுத்ததை அடுத்த வாரமே திருப்பி நீட்டினா முகத்துல அடிச்ச மாதிரி இருக்கும். ஒருதடவை எனக்கு அப்படி நடந்து ரெண்டு நாள் சோறு இறங்கல. காசை விடுங்க, மழை இன்னும் முடியல. அந்தக் கூரை இப்ப என்ன நிலைமையில இருக்குன்னு போய்ப் பாத்தீங்களா? உங்க வீட்டுல வேலையில்லாத ஆம்பளை கை ரெண்டு இருக்கே.

உப்பளத்து வீட்டம்மா:
எல்லாருக்கும் நன்றி. தம்பி, நீங்க எழுதினதை நாலு தடவை வாசிச்சேன். வியாழக்கிழமை "கேட்டேன், ஒருத்தர் மூலமா கர்த்தர் தந்தார்"னு சொல்லிட்டு, கேட்டும் கிடைக்காம இருக்கிறவங்களுக்காக ஜெபிங்கன்னு உக்காந்துட்டேன். பெரியம்மா கடைசி வரிசையில பாட்டுப் புஸ்தகத்தை விரிச்சு வச்சுக் குனிஞ்சே இருந்தாங்க. அவங்களுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது.

நாசரேத் அக்கா, போய்ப் பாத்தேன். மூணு எடத்துல சட்டி வச்சிருந்தாங்க. இன்னைக்குக் காலையில வீட்டுக்காரரும் கொழுந்தனும் தார்ப்பாய் வாங்கிட்டுப் போய் ஏறிட்டாங்க. தகரம் தை மாசம் கூலி வந்ததும். இதை எழுதும்போது பெரியம்மா கீழ நின்னு, "எலேய், அந்தப் பக்கம் இழுத்துக் கட்டுலே"ன்னு சத்தம் போடுறது இங்க வரைக்கும் கேக்குது.